கோட்டுக்குக் கீழே நின்ற தண்ணீர்

வென்டெல் நேரில் வந்து கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி ஏற்றிவந்த ட்ரெய்லர் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, கிரேவி ஊற்றிய பிஸ்கட் ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். பெரியவர் டெல்பெர்ட் வந்து நின்றார். எங்கள் கார் பந்தயக் கிளப்பின் பரிசோதகர் அவர். வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் அது நல்ல சேதியாக இருந்ததில்லை.

"சாப்பிட்டு முடிம்மா, சொல்றேன்."

"சொல்லுங்க, முடிக்கிறேன்."

"வென்டெல் ஆட்சேபம் குடுத்திருக்கான். உன் ப்ளோயரைக் கழட்டி காத்து அளக்கணுமாம்."

சூப்பர்சார்ஜர் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் திடலில் அது ப்ளோயர்தான். எஞ்சினின் தலைமேல் உட்கார்ந்து, பெல்ட்டில் சுழன்று, வெளிக்காற்றை அள்ளி உள்ளே திணிக்கிற அலுமினியப் பெட்டி. காற்று கூடினால் வேகம் கூடும். அதனால் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் ஒரே அளவுப் பெட்டி, இவ்வளவுக்கு மேல் காற்று தள்ளக்கூடாது என்று ஒரு வரம்பு. உள்ளே அரத்தைப் போட்டுச் சுரண்டி அதைக் கூட்டினவன் களவாணி. இந்தியானாவின் இந்த மூலையில் களவாணி என்று பெயர் வாங்கிவிட்டால் பேரன் காலம்வரை போகாது.

சனிக்கிழமை சாயங்காலம் அரையிறுதியில் ஜெயித்தேன். மழை பிடித்துக்கொண்டதால் இறுதி ஓட்டத்தை ஞாயிறு மதியத்துக்குத் தள்ளிவைத்தார்கள். நேர்ப் பாதையில் இரண்டு வண்டிக்கு நடுவில்தான் போட்டி, எனக்குப் பக்கத்து லேனில் வென்டெல். இத்தனை வருஷத்தில் இறுதிவரை நான் வந்தது இதுதான் முதல் தடவை. வந்ததும் களவாணிப் பட்டம்.

"என்ன சொல்றான் அவன்?"

டெல்பெர்ட் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிளம்பும்போதே உன் வண்டி அரை வண்டி முன்னால போயிடுதாம். அது பொம்பள கை இல்ல, காத்துங்கிறான்."

தட்டைத் தரையில் வைத்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான். காலையும் மாலையும் சிக்னல் விளக்கைப் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்துப்போனவள். பந்தய விளக்கில் மஞ்சள் போய்ப் பச்சை வருகிற அந்த இமைப்பொழுதில் என் கால் மற்றவர்களுக்கு முன்னால் இறங்கிவிடும். என் வண்டியில் வேகம் கிடையாது என்பது எனக்கே தெரியும். இருநூறு மீட்டரை ஐந்து நொடிக்குக் கீழே அது ஓடினதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஐந்தைத் தொட்டுவிட்டு ஒரு மயிரிழை மேலேயே நிற்கும். நான் ஜெயித்ததெல்லாம் கிளம்புகிற இடத்தில். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான், அதையும் காற்றுக்கணக்கில் எழுதப் பார்க்கிறான் படுபாவி.

"கழட்டிப் பாத்துக்கட்டும். சுத்தமா இருந்தா அவன் மூஞ்சிய எங்க வச்சுக்குவான்னு பாக்கணும்."

"வேணாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என் அண்ணன் ரஸ்ஸல்.

இந்த எஞ்சினைக் கட்டியது அவன்தான். ஒரு காலத்தில் அவனே ஓட்டினான். முதுகு போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் ஐந்து நொடிக்குக் கீழே ஓடியவன் அவன் ஒருத்தன். 4.97 என்று ஷெட் சுவரில் அப்பா சிவப்புப் பெயின்ட்டால் எழுதிவைத்தது இன்னும் இருக்கிறது. வண்டியில் க்ளட்ச், ஆயில், ஓட்டம் முடிந்ததும் வண்டியை இழுத்து நிறுத்துகிற பாராசூட்டை மடிப்பது எல்லாம் என் வேலை. ப்ளோயரை மட்டும் என்னைத் தொட விட்டதில்லை. "அது என் ஏரியா" என்பான், நானும் விட்டுவிட்டேன்.

"வேணாம்னா?"

"கழட்ட வேணாம். வண்டிய ஏத்து, வீட்டுக்குப் போகலாம். அவன் கேட்டான்னு நம்ம ஏன் தெறந்து காட்டணும்? நமக்கு ஒரு மரியாதை இல்லையா?"

"தெறக்க மாட்டேன்னா ஃபைனல் போச்சு. அதோட திருடின்னு ஒத்துக்கிட்ட மாதிரி. தெரியும்ல அண்ணே?"

"தெரியும்" என்றான். சொல்லிக்கொண்டே டூல் பெட்டியின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூட ஆரம்பித்தான்.

மரியாதை பற்றிப் பேசுகிற ஆளா இவன்? போன வருஷம் ஒருத்தன் நாக்கில் நரம்பில்லாமல் பேசியபோது சிரித்துக்கொண்டே அவனுக்குப் பியர் வாங்கிக் கொடுத்தவன். இன்றைக்கு என்ன புதுசாக ரோஷம்? அரத்தை வைத்துவிட்டான் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் உள்ளே சுரண்டிவிட்டான், நான் கண்ணால் ஜெயித்தேன் என்று நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் இவன் திருடிக்கொடுத்த காற்று. அந்த நினைப்பு வந்ததும் வென்டெல் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி இவன் பக்கம் வந்தது. ஜெயித்ததெல்லாம் எனக்குச் சொந்தமா இல்லையா என்று அப்போதே தெரிந்தாக வேண்டும்.

"டெல்பெர்ட் ஐயா, நானே கழட்டுறேன்" என்றேன்.

"மார்லா, சொன்னா கேளு."

"நீ பேசாத."

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்சேபம் கொடுத்தவன் தூரமாக நின்று வேடிக்கை பார்க்க முடியாது. கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் தட்டில் ஏந்தி நிற்க வேண்டும். எல்லாம் சுத்தம் என்று தெரிந்தால் அவனே துடைத்து அவனே திரும்பப் பூட்ட வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன் நாலு தடவை யோசிக்கட்டும் என்று யாரோ வைத்த சட்டம். வென்டெல் கேக் சுடுகிற தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றான். தக்காளி பயிரிடுகிறவன், கழுத்து வெந்து சிவந்திருந்தது.

"கோவிச்சுக்காத மார்லா. மனசுல பட்டுச்சு, கேட்டேன்."

"தட்ட நேரா பிடி" என்றேன்.

பெல்ட்டைத் தளர்த்தி உருவினேன். எரிபொருள் குழாய்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். அடியில் பிடித்திருந்த நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். அது என் ஏரியா இல்லை என்றாலும் என் கைக்குத் தெரிந்திருந்தது. அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். சோளம் கடித்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் மரியாதைக்கு மெல்வதை நிறுத்தினான். ப்ளோயர் நல்ல கனம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் வென்டெல். தூக்கிக்கொண்டு போய் டெல்பெர்ட்டின் மேஜையில் வைத்தோம். ரஸ்ஸல் ட்ரெய்லரை விட்டு நகரவில்லை.

டெல்பெர்ட்டின் மேஜையில் ஒரு மின்மோட்டார் உண்டு. ப்ளோயரை அதில் பூட்டி, எல்லாருக்கும் ஒரே வேகத்தில் சுற்றவைப்பார். அது தள்ளுகிற காற்று ஒரு குழாய் வழியாகப் போகும். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற கண்ணாடிக் குழலில் சாயம் கலந்த தண்ணீர். காற்றுக்குத் தக்கபடி தண்ணீர் ஏறும். குழலில் ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி ஏறினால் களவாணி.

சுவிட்சைப் போட்டார். ப்ளோயர் ஊளையிட்டது. தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஏறி வந்த தண்ணீர் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. மேலே வரவே இல்லை.

யாரோ ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "ஏய் வென்டெல், இவகிட்ட காத்தும் இல்லடா. வாயாலதான் ஊதியிருப்பா போல." வென்டெலின் கழுத்துச் சிவப்பு காதுவரை ஏறியது. என் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. நான் திருடி இல்லை, அண்ணனும் திருடன் இல்லை. அப்புறம் எதற்கு அவன் திறக்காதே என்றான்?

டெல்பெர்ட்டும் சிரிக்கவில்லை. "மேஜைதான் மக்கர் பண்ணுது" என்று முணுமுணுத்தார். வென்டெலின் வண்டியில் உபரியாக வைத்திருந்த ப்ளோயரைக் கொண்டுவரச் சொல்லிப் பூட்டினார். தண்ணீர் ஏறி, கோட்டுக்கு ஒரு நூல் கீழே, பிசகாமல் நின்றது. மறுபடி என்னுடையது. மறுபடி நாலு விரற்கடை கீழே.

"என்னம்மா இது? அஞ்சுல ஒரு பங்கு காத்து எங்க போகுது?" என்றார். "இதை வச்சுக்கிட்டா ஃபைனலுக்கு வந்தே?"

"தெறங்க" என்றேன்.

முன்மூடியைக் கழற்றினோம். ப்ளோயரின் வயிற்றில் இரண்டு உருளைகள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுற்றும். அவற்றின் விளிம்பு நெடுக வெள்ளை டெஃப்லான் பட்டை பொருத்தியிருக்கும். அந்தப் பட்டை சுவரை ஒட்டி உரசிக்கொண்டு ஓடினால்தான் அள்ளிய காற்று முன்னால் போகும். இடைவெளி இருந்தால் காற்று வந்த வழியே நழுவிவிடும். உருளையை வெளியே உருவியதும் டெல்பெர்ட் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"பட்டை தேஞ்சு போச்சு. பழசு."

நான் விளிம்பில் நகத்தை ஓட்டினேன். தேய்ந்த பட்டை வழவழவென்று ஓரம் மழுங்கியிருக்கும். இது அப்படி இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நேராக, கூராக இருந்தது. முடிகிற இடத்தில் மட்டும் கத்தி சின்னதாக ஒரு சாய்ப்புச் சாய்ந்து வெளியேறியிருந்தது. அந்தச் சாய்ப்பை எனக்குத் தெரியும். எங்கள் ஷெட்டில் கேஸ்கட்டோ ரப்பரோ எதை வெட்டினாலும் ரஸ்ஸல் கடைசியில் கத்தியை அப்படித்தான் சாய்ப்பான். நான் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். உருளைகளின் எல்லாப் பட்டையிலும் அதே சாய்ப்பு.

"தேய்மானம்னே எழுதிக்கவா?" என்றார் டெல்பெர்ட், மெல்ல. அவருக்கும் புரிந்துவிட்டது.

"வெட்டுன்னு எழுதுங்க" என்றேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னேன்.

ட்ரெய்லருக்குப் பின்னால் டயர் மேல் ரஸ்ஸல் உட்கார்ந்திருந்தான். ஏதாவது மறுத்துப் பேசியிருந்தால் என் ஆத்திரம் கொஞ்சம் குறைந்திருக்கும். நான் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

"எப்ப வெட்டின?"

"நீ மணல்ல கவுந்தியே, அதுக்கப்புறம்."

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. ஸ்டியரிங் என் கைக்கு வந்த புதிதில், வார நாளில் சோதனை ஓட்டம், நாங்கள் இருவரும் பாதையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஒருவரும் மட்டும். கோட்டைத் தாண்டிய பிறகு பாராசூட் விரியவில்லை. பாதை முடிகிற இடத்து மணலில் வண்டி தலைகீழாகப் போய் விழுந்தது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் பஸ் ஓட்ட முடியவில்லை.

"ஓடி வரேன், வண்டிக்குள்ள உன் கை மட்டும் தொங்குது. அசையல" என்றான். "அந்தக் கையத்தான் இன்னும் பாக்குறேன். ஓட்டாதேன்னு சொன்னா நீ கேக்க மாட்டே. அதான் கொஞ்சம் காத்தைக் கொறைச்சேன். கொஞ்சம்தான்."

"எங்கிட்ட சொல்லாம."

"சொன்னா விடுவியா?"

"நாலு வருஷமா தோத்துட்டுத் தோத்துட்டு வந்து இதே எடத்துல உக்காந்து அழுதிருக்கேன். என் கையில என்ன கோளாறுன்னு கேட்டிருக்கேன். நீ எனக்கு டீ ஊத்திக் குடுத்த ரஸ்ஸல். 'உனக்கு இன்னும் பழகணும்'ன்னு சொன்ன." அண்ணன் என்ற சொல் என் வாயில் வரவே இல்லை. அவனும் அதைக் கவனித்தான்.

"பயம்மா எனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லையாம். பயந்தவன் பயந்தபடி வெட்டியிருந்தால் என் நேரம் ஆறிலோ ஏழிலோ போய் நின்றிருக்கும். என் வண்டி வெயிலோ குளிரோ, ஐந்தைத் தொட்டுத் தொட்டு நின்றது. அந்தப் பக்கம் ஒரு தடவைகூட விழவில்லை. அளந்து வெட்டியிருக்கிறான். எனக்கு அப்போது வேறொன்று ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு அவனிடம் நான் முதலில் கேட்டது, ஓடிய நேரத்தைக் காட்டுகிற போர்டில் என்ன நம்பர் வந்தது என்றுதான். போர்டு எரியவில்லை என்றான்.

"அன்னிக்கு போர்டு எரிஞ்சுதா?"

காலடியில் கிடந்த நட்டு ஒன்றை ஷூவால் உருட்டினான்.

"ரஸ்ஸல், என்னப் பாத்துச் சொல்லு. எரிஞ்சுதா இல்லையா?"

"எரிஞ்சுது." கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "நாலு தொண்ணூத்தஞ்சு."

அறைந்திருப்பேன். கை எழுந்துவிட்டது. அவன் முதுகு வளைந்து நின்ற விதம்தான் தடுத்தது, அதற்காகவும் எனக்குக் கோபம்தான் வந்தது. சுவரில் இருப்பது அவன் நம்பர். அதைவிட நல்ல நம்பரை நான் ஓடிவிட்டேன், எனக்கே தெரியாமல். நாலு வருஷமாக அந்தச் சுவருக்குக் கீழே நின்று எனக்குக் காற்றைக் குறைத்து அளந்திருக்கிறான். பயம் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தக் கையைப் பார்த்தவன் பயப்படத்தான் செய்வான். ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் குந்தியிருந்திருக்கிறது. அதன் பெயர் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பொறாமை புடிச்சவனே" என்றேன். அவன் அதையும் மறுக்கவில்லை.

திரும்பினால் வென்டெல் நிற்கிறான். கையில் நீளமான அட்டைக் குழாய். எவ்வளவு கேட்டானோ தெரியவில்லை.

"புதுப் பட்டை. என் பெட்டியும் அதே அளவுதானே" என்றான். "நான் தப்பா நெனச்சுட்டேன் மார்லா, மன்னிச்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். பட்டைய எடு."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். காலையில் உன்னைத் திருடி என்பான், மதியம் உன்னிடம் தோற்பதற்கு அவனே சாமான் கொண்டுவருவான். உடைந்த வண்டியை ஜெயிப்பதில் எவனுக்கும் பெருமை இல்லை. அவன் பட்டையை உருளை விளிம்பின் காடியில் நுழைக்க, நான் நுனியை நறுக்கினேன், டெல்பெர்ட் இடைவெளியை அளந்து தலையாட்டினார். மறுபடி மேஜையில் பூட்டிச் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் ஏறி, வென்டெலின் பெட்டிக்கு எங்கே நின்றதோ அங்கேயே வந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாலு விரற்கடை. என் நாலு வருஷம் அவ்வளவு உயரம் இருந்தது.

எஞ்சின் மேல் ஏற்றிப் பூட்டிக்கொண்டிருந்தபோது ரஸ்ஸல் வந்தான். எண்ணெய்த் துணியில் சுற்றிய எதையோ நீட்டினான். பிரித்தால் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. எரிபொருள் எவ்வளவு போக வேண்டும் என்பதை அதன் நடுத்துளைதான் தீர்மானிக்கும்.

"இதை மாத்தாம ஓட்டாத. காத்து கூடுச்சுன்னா எரிபொருளும் கூடணும். இல்லேன்னா பிஸ்டன் உருகிடும். இது பழைய அளவு. அப்ப இருந்தது."

தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறான். என்றாவது திருப்பிப் பூட்ட வேண்டிவரும் என்று நினைத்தானோ, எறிய மனசு வரவில்லையோ. நான் அதை வாங்கி அவன் கண் முன்னாலேயே வென்டெலிடம் கொடுத்தேன். "இது சரியா பாரு" என்றேன். வென்டெல் வெளிச்சத்தில் வைத்துத் துளையைப் பார்த்தான், ரஸ்ஸலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரிதான்" என்றான். தன் வேலையை இன்னொருத்தன் சரிபார்க்க ரஸ்ஸல் நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாக இருந்தது எனக்கு. இருக்கட்டும்.

மதியம் வெயில் சுள்ளென்று அடித்தது. பார்வையாளர் மேடை நிரம்பியிருந்தது, சேதி அதற்குள் எல்லாக் கொட்டகைக்கும் போயிருந்தது. ஓட்டத்துக்கு முன்னால் பின்சக்கரத்தைத் தண்ணீரில் நனைத்து, நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகையவிட்டுச் சூடேற்றுவோம். அந்த வேகத்தில் வண்டி கோட்டைத் தாண்டி முன்னால் போய்விடும். பிறகு பின்னால் வர வேண்டும், போன தடத்திலேயே. ப்ளோயர் முன்னால் மலைமாதிரி மறைக்கும், பின்னால் எதுவும் தெரியாது. அதனால் நம் ஆள் ஒருவர் வண்டிக்கு எதிரே நின்று கைகாட்டிக்கொண்டே வருவார். அந்தக் கையை நம்பித்தான் பின்னால் வருவோம். இத்தனை வருஷமும் எனக்கு அந்தக் கை ரஸ்ஸலுடையது. இன்று நீ வராதே, டெல்பெர்ட்டின் மகளை நிற்கச் சொல்லியிருக்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் ஹெல்மெட்டைப் போட்டேன்.

பெடலை அழுத்தியதும் எனக்குப் புரிந்துவிட்டது. இது வேறு வண்டி. முதுகை இருக்கையோடு அறைந்தது. இந்தச் சத்தத்தை நான் மணலில் கவிழ்ந்த அன்றைக்குக் கேட்டிருக்கிறேன், மறந்தே போயிருந்தேன். புகை விலகியபோது எதிரே ரஸ்ஸல் நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

கத்தினாலும் கேட்காது. பின்னால் போகாமல் தீராது. அவன் இரண்டு கையையும் தூக்கி, விரலை அசைத்து வா என்றான், கொஞ்சம் இடது என்றான், போதும் என்றான். தடம் பிசகாமல் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதில் அவன் கை என்றைக்குமே பொய் சொன்னதில்லை.

நிறுத்தியதும் எப்போதும் ஒன்று செய்வான். உள்ளங்கைகளைத் தரை பார்க்கக் கவிழ்த்து, மெதுவாக இரண்டு தடவை அழுத்துவான். பார்த்துப் போ என்று அர்த்தம். பிறகு ஒதுங்குவான். இவ்வளவு காலம் அதை நான் ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தேன். இன்றும் கை கவிழ்ந்தது. ஒரு தடவை அழுத்தினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நான் அந்தக் கையையே பார்த்தேன், பெடலில் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தேன். எஞ்சின் உறுமி வண்டி முழுக்க நடுங்கியது. பக்கத்து லேனில் வென்டெல் தன் வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுபோகாமல் எனக்காகக் காத்திருந்தான். அவன் எஞ்சின் சூடேறிக்கொண்டிருக்கும், ஆனாலும் காத்திருந்தான்.

இரண்டாவது தடவைக்கு எழுந்த கை அந்தரத்தில் நின்றது. கவிழ்ந்தபடி, எனக்கும் பாதைக்கும் நடுவே. நானும் நகரவில்லை. அப்புறம் ரஸ்ஸல் அந்தக் கைகளை மெல்ல இறக்கி, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். சுவரை ஒட்டிப் போய் நின்று, பாதையின் அந்தக் கோடியில் நம்பர் எரிகிற போர்டைப் பார்த்து முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டான். கை பைக்குள்ளேயே இருந்தது. நானும் வென்டெலும் கோட்டுக்கு நகர்ந்தோம், மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது.